போல்ட் இல்லாத துப்பாக்கி

பிரேயஸ்
14 அக்டோபர் 1963

அன்புள்ள வார்திஸ் அண்ணாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால், எர்கினா அண்ணியின் மசக்கை, மேல்பட்டியில் இருக்கும் ஆடுகள் எல்லாவற்றையும் தனித்தனியாக விசாரித்ததாக எடுத்துக்கொள். போன கடிதத்தில் "எல்லாரும் சௌக்கியம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அம்மாவையும் ஆடுகளையும் ஒரே சொல்லில் அடக்கினால் இரண்டு பேருக்கும் கோபம் வரும்.

வேலை மாறிவிட்டேன். நூற்பாலை போதும் என்று, துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய துப்பாக்கிக் கடையில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதே. கடிதம் எழுதுவதற்கென்றுதான் முதலாளி மினாஸ் ஐயா எடுத்தார். இப்போது எண்ணெய்த் துணியும் என் கையில்தான். முன்னறையில் வேட்டைத் துப்பாக்கிகள். பின்னறையில் போர்க்காலத்து ரைபிள்கள்; தோட்டாவை உள்ளே பூட்டும் இரும்புத் தண்டான போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கிச் சுடும் அதே பழைய வகை. கைமாறிக் கைமாறி வந்தவை. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் நம் தீவுக்காரர்கள்.

"மலைக்காரன் வாங்குறத பாத்திருக்கியாம்மா?" என்பார் ஐயா. "கட்டையத் தடவுவான், குழல மோந்து பாப்பான், விலையச் சொன்னா கன்னிமாதாவைக் கூப்பிடுவான். போல்ட்ட மட்டும் பாக்க மாட்டான். உசிரு அதுலதான்டா இருக்குன்னா, என்னையே மேலயும் கீழயும் பாப்பான்."

தேய்ந்துபோன போல்ட்டுகளுக்குச் சிவப்புச் சாயம் பூசி ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். அவை சரியாகப் பூட்டாது. மாட்டிச் சுட்டால் வெடி முன்னால் போகாமல் சுடுகிறவன் முகத்துக்கே திரும்பி வருமாம். "தூக்கிப் போடவும் பயமா இருக்கு, எவனாவது பொறுக்கிட்டுப் போயிடுவான்" என்கிறார்.

நீயாகச் சொல்லமாட்டாய் என்பதால் நானே கேட்கிறேன். பொலிக்ரோனிஸின் ஆறு வருடச் சிறை முடிகிறதே, வெளியே வந்துவிட்டானா? அப்பாவைப் புதைத்த அன்று, பழி தீரும்வரை மழிப்பதில்லை என்று நீ விட்ட தாடி இப்போது எதுவரை வந்திருக்கிறது?

அம்மாவின் கைகளுக்கு முத்தம்.

உன் தங்கை,
ரொடாந்தி

•

லிவாதா
9 நவம்பர் 1963

தங்கச்சி ரொடாந்திக்கு அண்ணன் எழுதறது. உன்ன மாதிரி எழுத வராது, பேசுறபடியே எழுதறேன்.

அம்மா முழங்கால் மழைக்கு முன்னாடியே வலிச்சுச் சொல்லிடுது, ரேடியோ வேண்டியதில்ல. எர்கினாவுக்கு நத்தைக் குழம்பு வாசனையே ஆகல. நான் தனியா ஒரு சட்டி தின்னேன். ஆடுங்க உன்னைக் கேட்டுச்சுங்க.

துப்பாக்கிக் கடையா? நம்ம வீட்டுப் பொண்ணு போறதுக்கு வேற கடையே இல்லையா? பூக்கடை இருக்கு, ரொட்டிக்கடை இருக்கு.

வந்துட்டான். மூணு வாரம் ஆச்சு. நம்ம காபிக்கடைக்கு வர்றதில்ல. நான் ரோட்டுல இந்தப் பக்கம் போனா அவன் அந்தப் பக்கம் போறான். தலை நரைச்சுப்போச்சு. வேற ஒண்ணும் இல்ல.

தாடி இருக்கு. அதைக் கேக்காதே.

அண்ணன்
வார்திஸ்

•

பிரேயஸ்
2 டிசம்பர் 1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் எல்லோருடைய நலமும் அறிந்து மகிழ்ந்தேன். எனக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் அல்ல, பயப்படாதே.

நம் ஊர்ப் பக்கமெல்லாம் கழுதையோடு அலையும் வியாபாரி மிரோன் போன செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு கட்டுத் துப்பாக்கி கொண்டுவந்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு பெயரைச் சொன்னதும் முகம் செத்துவிட்டது. ஏனென்றால் நாலாவது துப்பாக்கியை அதற்குள் நான் கையில் எடுத்திருந்தேன். கட்டையில் ஒலிவமரத் துண்டு ஒட்டு. அதில் செதுக்கிய கவுதாரி: பொலிக்ரோனிஸின் துப்பாக்கி.

நீதிமன்றத்தில் பொலிக்ரோனிஸ் என்ன சொன்னான்? "பள்ளத்தாக்கில் எறிந்துவிட்டேன்." எறியவில்லை அண்ணா. அவன் மச்சான் அதை மிரோனிடம் விற்றிருக்கிறான். ஒரு ஆடு திருடியவன் தோலை விற்பதைப்போல.

போல்ட் மட்டும் இல்லை. வாங்கும்போதே இல்லையாம். மினாஸ் ஐயா, "பல்லில்லாத நாய்" என்று சொல்லி அதைச் சுவரில் மாட்டிவிட்டார். தினமும் காலையில் கடையைத் திறந்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். நம் தண்ணீர் முறை அன்று ஊற்றடிக்கு ஆடு ஓட்டிப் போன அப்பாவின் முதுகைப் பார்த்த துளை அது. ஒருநாள் என் சுண்டுவிரலை அதற்குள் விட்டுப் பார்த்தேன். அவ்வளவு சின்னது.

நான் நிறையப் படிக்கிறேன் என்று நீ கேலி செய்வாய். படித்ததில் எங்கேயும் இதற்கு ஒரு வழி கிடைக்கவில்லை. அப்பாவுக்கு மகனாக நீ பிறந்தாய், நான் மகளாகப் பிறந்தேன். இடம் மாறிப் பிறந்திருந்தால் அவன் ரோட்டின் அந்தப் பக்கம்கூட நடந்திருக்க மாட்டான்.

கோபித்துக்கொள். ஆனால் பதில் எழுது.

ரொடாந்தி

•

லிவாதா
11 ஜனவரி 1964

தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். அம்மா உனக்கு ஆட்டுரோமக் காலுறை பின்னுறா.

நீ எழுதினதை மூணு தடவை படிச்சேன், அடுப்புல போட்டேன். அந்தத் துப்பாக்கியத் தொடாதே. அதைப் பத்தி எழுதாதே. நான் ஆம்பளையா இல்லையான்னு என் பொண்டாட்டி சொல்லட்டும், நீ சொல்லாதே.

பனி நிறைய. குட்டிங்க ரெண்டு செத்துச்சு. லூக்காஸ் பாதிரியார் அடிக்கடி வீட்டுக்கு வர்றார், உட்கார்ந்து ராக்கிச் சாராயம் குடிச்சுட்டுப் போறார். சும்மாதான் வர்றார்.

வார்திஸ்

•

லிவாதா
26 ஜனவரி 1964

துப்பாக்கிக் கடை முதலாளிக்கு,

நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

மிரோன் உங்களிடம் விற்ற ரைபிள் ஒன்று என் தகப்பனுடையது. கட்டையில் கவுதாரி இருக்கும். அதை நான் திருப்பி வாங்க வேண்டும். இருக்கிறபடியே வேண்டும். எதையும் சேர்க்காதீர்கள், மாற்றாதீர்கள். விலை நீங்கள் சொல்வதுதான், பேரம் பேசமாட்டேன். வசந்த காலத்துக்குள் வந்தால் போதும். எதற்கு என்று கேட்க வேண்டாம்.

பொலிக்ரோனிஸ் ஸ்கோர்தாஸ்

•

பிரேயஸ்
10 பிப்ரவரி 1964

மதிப்பிற்குரிய பொலிக்ரோனிஸ் ஸ்கோர்தாஸ் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் பூரண நலத்துடன் இருக்க விரும்புகிறோம்.

தாங்கள் குறிப்பிட்ட ரைபிள் எங்களிடம் உள்ளது. மிரோன் அடுத்த முறை வரும்போது அவரிடம் கொடுத்தனுப்புகிறோம். போல்ட் இல்லாத ரைபிள் வெறும் ஊன்றுகோல்தான். ஆகவே கடையின் அன்பளிப்பாக ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். அதற்கு விலை இல்லை.

தங்கள் கையாலேயே நல்ல நாளில் முதல் வெடி முழங்கட்டும்.

மினாஸ் துப்பாக்கிக் கடைக்காக

•

பிரேயஸ்
1 மார்ச் 1964

அன்புள்ள அண்ணா, அண்ணி, அம்மா,

தந்தி வந்தது. பையன்! கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் எள் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். அண்ணியின் உடம்பு எப்படி இருக்கிறது? பால் சுரக்கிறதா? குழந்தைக்கு யார் மூக்கு? நம் மூக்கு என்றால் இப்போதே அனுதாபத்தைச் சொல்லிவிடு.

மினாஸ் ஐயா இடுப்பு முறிந்து ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விற்பது, வாங்குவது, எதை எதோடு பொருத்துவது என்று எல்லாம் என் இஷ்டம். போன மாதம் ஒரு வாரம் முழுக்க என் நகக்கண்களில் சிவப்பு. பூச்சுப் பூசிக்கொள்ளத் தொடங்கிவிட்டேன் என்று பக்கத்து ரொட்டிக்கடைக்காரி நினைத்துவிட்டாள். பழைய சாயம்; சுரண்டினால் சுலபத்தில் போவதில்லை. போல்ட்டின் கைப்பிடி மடங்குகிற மூலையில் ஊசி விட்டாலும் வருவதில்லை. விட்டுவிட்டேன். யார் அங்கே பார்க்கப் போகிறார்கள்?

ஒரு விஷயம் மட்டும் கேள். ஈஸ்டர் அன்று சாமப் பூசை முடிந்ததும் ஊரே வானத்தைச் சுடும் அல்லவா? அன்று நீ கோயில் முற்றத்தில் நிற்காதே. குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகாதே. அம்மாவுடன் வீட்டுக்குள் இருங்கள். பொலிக்ரோனிஸ் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

நான் நன்றாகத் தூங்குகிறேன். ஆறு வருடத்தில் முதல் முறையாக.

ரொடாந்தி

•

லிவாதா
19 மே 1964

தங்கச்சிக்கு,

சுகம், சுகம், எல்லாரும் சுகம். பையனுக்கு நம்ம மூக்குதான், அனுதாபம் ஏத்துக்கிட்டோம். மினாஸ் ஐயா எழுந்து நடக்குறாரா?

ரெண்டரை மாசமா நான் உன் கடிதத்துக்குப் பதில் எழுதல. ஏன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியலன்னா இந்த ஒரு வரியில தெரிஞ்சுக்கோ: நேத்து முகம் மழிச்சேன். கன்னமெல்லாம் குளிருது. எர்கினா என்னப் பாத்து, "யாரு நீங்க, எங்க வீட்டுக்காரர் வெளிய போயிருக்காரு"ங்கறா.

ஈஸ்டர் அன்னிக்கு நீ சொன்ன மாதிரியே வீட்டுல இருந்தேன். நீ ஏன் அப்படிச் சொன்னேன்னு புரியல. ஊரே சுட்டுச்சு. பொலிக்ரோனிஸ் மட்டும் சுடல, மெழுகுவத்தியோட நேரா வீட்டுக்குப் போயிட்டானாம்.

அடுத்த வாரம் பாதிரியார் வீட்டுல ரெண்டு வீட்டையும் உக்கார வச்சாங்க. அம்மா எழுந்து போய் அவன் முன்னாடி நின்னா. "உன்ன நான் மன்னிக்கல"ன்னா. "எம் பேரன் ஊத்துக்குத் தண்ணிக்குப் போறப்ப திரும்பித் திரும்பிப் பாக்காம போகணும். அதுக்காக வந்தேன். வேற எதுக்கும் இல்ல." அவன் மண்டி போட்டுட்டான். அம்மா அவன் தலைமேல கை வைக்கல, ஆனா நகரவும் இல்ல.

அவன்தான் பையனுக்கு ஞானத்தந்தை. மே 31 ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். அதுக்கப்புறம் ரெண்டு வீடும் உறவு. ரத்தம் முடிஞ்சுபோச்சு.

இன்னொண்ணு. அப்பாவைக் கொன்ன துப்பாக்கிய அவன் தேடி வாங்கி வச்சிருக்கான். என் கையில ஒப்படைக்கத்தான் வாங்கினானாம். போல்ட் இல்லைன்னு நீ எழுதியிருந்தே. இல்ல, போல்ட்டோடதான் கொண்டுவந்தேன்னு மிரோன் சொல்றான். நம்ம வழக்கம் உனக்குத் தெரியும், பிள்ளையோட அப்பன்தான் முதல் வெடி போடணும். "அதுலயே போடுடா வார்திஸ், உங்க அப்பனைத் தின்ன வாயி உன் மகனுக்காக வானத்துல வெடிக்கட்டும்"னு சித்தப்பா சொல்லிட்டார். நானும் சரின்னுட்டேன்.

நீ வரணும். உனக்குக் கோபம் இருக்கும், இருந்தாலும் வா.

அண்ணன்

•

தந்தி
பிரேயஸ், 30 மே 1964

வார்திஸ், லிவாதா.
அந்தத் துப்பாக்கியில் சுடாதே. நீயும் வேண்டாம் யாரும் வேண்டாம். குழந்தை மேல் ஆணை. காரணம் கேட்காதே.
ரொடாந்தி

•

லிவாதா
2 ஜூன் 1964

தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். முதல்ல அதை எழுதறேன், உன் தந்தியப் பாத்தா நீ ஏதோ நினைச்சுப் பதறியிருக்கேன்னு தெரியுது.

தந்தி நேத்துத் திங்கக்கிழமைதான் வந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் கீழ் ஊர் தபால் ஆபீஸ் மூடிட்டுப் போனவன், ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டு விருந்துலதான் உக்காந்திருந்தான், மடையன். இப்ப ஊர் முழுக்க "என்ன துப்பாக்கி, என்ன ஆணை"ன்னு கேக்கறான். "பழைய துப்பாக்கி, படிச்ச பொண்ணு பயப்படுறா"ன்னு சொல்லி வச்சிருக்கேன். அப்படித்தானே? அப்படித்தான்னு வச்சுக்குவோம்.

நடந்ததைச் சொல்றேன். கோயில்ல பாதிரியார், "பேர் என்ன?"ன்னு கேட்டார். ஞானத்தந்தைதான் சொல்லணும். என்ன பேர் சொல்லப்போறான்னு எனக்கே தெரியாது. அவன் குழந்தையக் கையில வச்சுக்கிட்டு, "ஹரிதிமோஸ்"னான். அப்பா பேரை அவன் வாயால கேட்டப்போ அம்மா நாற்காலியப் பிடிச்சுக்கிட்டா.

வெளிய வந்ததும் துப்பாக்கியக் கம்பளியில சுத்திக் கொண்டுவந்தான். பிரிச்சா, போல்ட் இல்ல. நடுவுல வெறும் ஓட்டை. சித்தப்பா, "எங்கடா அது?"ன்னு எகிறினார். மிரோன் கன்னிமாதா மேல சத்தியம் பண்றான், "நான் கொண்டுவந்தப்போ இருந்துச்சய்யா, நான் திருடல!"

பொலிக்ரோனிஸ் அமைதியா, "இருந்துச்சு"ன்னான். "அது இந்தத் துப்பாக்கியோடது இல்ல. இதோட போல்ட்டை ஹரிதிமோஸ் விழுந்த அன்னிக்கே பள்ளத்தாக்குல எறிஞ்சேன். இது இன்னொரு ஆளைக் கொல்லக் கூடாதுன்னு எறிஞ்சேன். கோர்ட்டுல துப்பாக்கியவே எறிஞ்சேன்னு சொன்னது பொய், மச்சான் கேட்டான்னு கொடுத்துட்டேன். இருக்கிறபடியே குடுன்னு கடைக்கு எழுதினேன். கேக்காத சாமானைக் கடைக்காரன் சும்மா குடுத்தான்."

அப்புறம் மிரோன் என்கிட்ட தனியாச் சொன்னான். துப்பாக்கி கைக்கு வந்த அன்னிக்கே பொலிக்ரோனிஸ் அந்தப் போல்ட்டைக் கழட்டி வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தானாம். "அந்தக் கடையில எழுத்து வேலை யாரு பாக்குறா?"ன்னு கேட்டானாம். மிரோன் உன் பேரைச் சொன்னானாம். அவன் அதைத் துணியில சுத்திக்கிட்டே, "அவ அப்பன மாதிரியே, எந்த வேலையையும் பாதியில விடமாட்டா"ன்னானாம். பாராட்டா, திட்டா, எனக்குப் புரியல. உனக்குப் புரியும்.

வெடி நான் என் பழைய வேட்டைத் துப்பாக்கியில போட்டேன். அந்தத் துப்பாக்கிய அம்மா சமையல்கட்டுல கதவுக்கு முட்டுக் குடுக்க வச்சிருக்கா.

வராதவங்களுக்குச் சர்க்கரைப் பாதாம் அனுப்பணுமில்லையா, உன் பொட்டலத்தை நான் கட்டல. அவனே கட்டறேன்னு கேட்டு வாங்கிக் கட்டினான். "உன் தங்கச்சிகிட்ட சொல்லு. இது அவ பங்கு. நான் யார்கிட்டயும் காட்டல"ன்னான். பாதாமை எதுக்கு மறைக்கணும்? பொட்டலம் கல்லு மாதிரி கனக்குது. நான் பிரிக்கல. பிரிக்கவும் எனக்கு இஷ்டமில்ல, புரியுதா.

அண்ணன்
வார்திஸ்

•

பிரேயஸ்
15 ஜூன் 1964

அன்புள்ள வார்திஸ் அண்ணாவுக்கு,

குட்டி ஹரிதிமோஸின் நெற்றிக்கு முத்தம். அம்மாவின் கைகளுக்கும். அண்ணி உன் மழித்த முகத்துக்குப் பழகிவிட்டாளா?

உன் 19 மே கடிதம் சனிக்கிழமை நண்பகலில் கிடைத்தது. தந்தி கொடுத்துவிட்டு நம் தீவுக்குப் போகும் ஹானியா கப்பலைப் பிடிக்க ஓடினேன். நான் போவதற்குள் படகுத்துறையில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அங்கேயே ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயில் மணி அடித்தாலும் எனக்கு வெடிச்சத்தமாகக் கேட்டது. செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தவர் ஒருவர், லிவாதாவில் ஞானஸ்நான விருந்து நன்றாக நடந்தது என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவர் முன்னால் அழுதுவிட்டேன். துப்பாக்கிக் கடையில் அழும் பெண்ணிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்.

தந்தியில் 'நீ சுடாதே, அவன் சுடட்டும்' என்று எழுத என் கை போனது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். 'யாரும் வேண்டாம்' என்று மாற்றி எழுதினேன். அவன் கையில் குழந்தை இருக்குமே என்று தோன்றியது. அவனுக்காக மாற்றவில்லை.

பொட்டலம் வந்தது. மேலே வெள்ளைச் சர்க்கரைப் பாதாம், வலைத்துணி, நீல நாடா. அடியில் மெழுகுத் துணியில் சுற்றி, இந்தக் கடைக்குச் சொந்தமான ஒரு சாமான். நன்றாக எண்ணெய் போட்டுத் துடைத்து அனுப்பியிருக்கிறார்கள். கைப்பிடி மடங்குகிற மூலையில் மட்டும், நான் விட்ட இடத்தில், சிவப்பு அப்படியே இருந்தது.

அவன் ஊரில் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் சிறைக்குப் போயிருப்பேன், நீ மறுபடி தாடி வளர்த்திருப்பாய். சொல்லவில்லை. அம்மா கேட்டதைக் கொடுத்துவிட்டு, நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆறு வருடமாக அவனை வெறுக்க எனக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. இப்போது இரண்டு.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், பழைய துப்பாக்கி என்று பயந்துவிட்டேன். அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம்.

பாதாமை ரொட்டிக்கடைக்காரிக்குக் கொடுத்தேன். ஒன்றைக்கூட என்னால் வாயில் வைக்க முடியவில்லை. குழந்தையைப் பார்க்க வருவேன், ஆனால் கறுப்பு உடையில்தான் வருவேன். பொட்டலம் கட்டிய அந்த மனிதர் விசாரித்தால் இதைமட்டும் சொல்: என் பங்கு வந்து சேர்ந்தது, குறையவில்லை.

மினாஸ் ஐயா தடி ஊன்றி நடக்கிறார். அவர் கடைக்கு வருமுன் மறுபடி சிவப்புச் சாயம் பூசி அதைப் பெட்டியில் போட்டுவிட்டேன். பெட்டிக்கு ஒரு பூட்டும் வாங்கியிருக்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது.

உன் தங்கை,
ரொடாந்தி